பெயர் இல்லாத மூத்த மகன்: காலனிக் கால அமெரிக்க உயில்களும் வம்சாவளி ஆராய்ச்சியும்

1. ஆவணமும் அதன் எல்லையும்

அட்லாண்டிக் கடலின் மேற்குக் கரையில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் குடியேறிய நாள் முதல் 1776-ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனம் வரையிலான ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், ஒரு சாதாரண விவசாயியின் குடும்பம் இன்னதென்று அறிய விரும்புகிறவருக்கு எதிர்ப்படும் முதல் தடை, அந்தக் குடும்பத்தைக் குடும்பமாக எண்ணிப் பதிவு செய்த ஆவணம் மிக அரிது என்பதேயாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் ஜனக்கணக்கு 1790-இல் எடுக்கப்பட்டது. அதில் குடும்பத் தலைவரின் பெயர் ஒன்றே எழுதப்பட்டது, மனைவி மக்கள் எல்லாரும் வெறும் எண்ணிக்கையாகவே நின்றனர். வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதும் வழக்கம் 1850-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் தொடங்கிற்று. நியூ இங்கிலாந்தின் ஊர்ச் சபைகள் பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றை ஓரளவு ஒழுங்காகக் குறித்து வைத்தன. தெற்கே வர்ஜீனியா முதலிய காலனிகளிலோ அந்தப் பொறுப்பு தேவாலயங்களைச் சார்ந்திருந்தது, அவற்றின் ஏடுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. ஆகவே மூதாதையரைத் தேடுகிறவர்கள் அனைவரும் கடைசியில் வந்து சேரும் இடம் நியாயஸ்தலத்தின் புரோபேட் ஏடுகளாக, அதாவது உயில்களையும் இறந்தவர் சொத்துக்களையும் பதிந்த ஏடுகளாக, இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் உயில் என்பது சொத்தின் மேல் எழுதப்பட்ட சாசனம். குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட சாசனமன்று. சொத்தில்லாதவர் அதை எழுதவில்லை. விவாகமான பெண், கணவனுடைய சம்மதம் இல்லாமல் எழுத இயலவில்லை. சொத்துள்ள ஆடவரிலும் பலர் எழுதாமலேயே மாண்டனர். காலனி மக்களின் செல்வ நிலையை மதிப்பிட முற்பட்ட அலிஸ் ஹான்ஸன் ஜோன்ஸ் என்னும் பொருளாதார வரலாற்றாசிரியை, 1774-ஆம் ஆண்டை ஒட்டி இறந்த 919 பேரின் சொத்து ஜாபிதாக்களைத் திரட்டி 1980-இல் தம் நூலை வெளியிட்டபோது, ஜாபிதாவே இல்லாமல் இறந்தவர்களை எவ்வாறு கணக்கில் கொண்டுவருவது என்பதிலேயே பெரும் சிரமப்பட நேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளமாக அச்சான குடும்ப சரித்திரங்களோ இந்த எல்லைகளைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. உயிலில் பெயர் கண்டவர்களெல்லாம் பிள்ளைகள், பெயர் காணாதவர்கள் தந்தைக்கு முன்பே இறந்தவர்கள் அல்லது அந்தக் குடும்பத்தைச் சேராதவர்கள் என்ற அநுமானம் அவற்றில் ஒரு விதியைப் போலவே ஆளப்பட்டிருக்கிறது. உயிலில் ஒருவருடைய பெயர் இல்லாமையை எதற்குச் சாட்சியாகக் கொள்வது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அந்தக் காலனியில் நடைமுறையிலிருந்த தாயச் சட்டத்தை அறியாமல் அக்கேள்விக்கு விடை கூற முயல்வது வீண் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை இனிக் காட்டுகிறேன்.

2. இரண்டு காலனிகள், இரண்டு சட்டங்கள்

இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவனுடைய ஸ்தாவர சொத்து முழுவதும் மூத்த மகனையே சேரும். மனைவிக்கு அதில் ஆயுட்கால அநுபோகத்துக்கான ஒரு பங்கு மட்டுமே உண்டு. ஜங்கம சொத்து மனைவிக்கும் மக்கள் அனைவருக்கும் பங்காகும். வர்ஜீனியா இந்த முறையை அப்படியே கைக்கொண்டு, 1785-இல் இயற்றப்பட்ட சட்டம் 1787-இல் அமலுக்கு வரும் வரையில் விடாமல் வைத்திருந்தது. மாஸசூஸெட்ஸில் குடியேறிய பியூரிடன்களோ வேதாகமத்தின் உபாகமத்தில் கண்ட விதியைப் பின்பற்றி, 1641-ஆம் ஆண்டிலேயே, உயிலில்லாமல் இறந்தவனுடைய ஸ்தாவர, ஜங்கம சொத்துக்கள் எல்லாம் மக்கள் அனைவருக்கும் உரியவை, மூத்த மகனுக்கு மட்டும் இரண்டு பாகம் என்று ஏற்படுத்திக்கொண்டார்கள்.

இந்த வேற்றுமையிலிருந்து பிறக்கும் விளைவு வம்சாவளி ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானது. எனினும் அதை வெளிப்படையாக எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. மாஸசூஸெட்ஸில் ஒருவன் உயில் எழுதாமல் இறந்தால், அவனுடைய நிலத்தைப் பங்கிட வேண்டிய நியாயாதிபதி, மூத்தவனுக்கு இரண்டு பாகம், இன்னின்ன மகன்களுக்கும் இன்னின்னாரை மணந்த மகள்களுக்கும் ஒவ்வொரு பாகம், இறந்துபோன மகளின் குழந்தைகளுக்கு அவள் பாகம் என்று ஒருவரையும் விடாமல் எழுதியாக வேண்டும். ஆகவே அங்கே உயிலற்ற மரணமே பூரணமான குடும்பப் பட்டியலைத் தந்துவிடுகிறது. வர்ஜீனியாவில் அதே நிலையில் இறந்தவனுடைய நிலம் எந்த உத்தரவும் எந்தப் பத்திரமும் இல்லாமல் மூத்த மகனிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஜங்கம சொத்தின் ஜாபிதாவில் நாற்காலியும் மாடும் புகையிலையும் காணப்படுமே தவிர, அந்த மகனுடைய பெயர் காணப்பட வேண்டிய அவசியமில்லை. பல வருஷங்கள் கழித்து அவனோ அவனுடைய மகனோ அந்த நிலத்தை விற்கும்போது, கிரயப் பத்திரத்தின் பூர்வோத்தரத்தில் ‘என் தந்தை இன்னாரிடமிருந்து வாரிசாக இறங்கியது’ என்று ஒரு வரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

வர்ஜீனியாவில் உயில் எழுதப்பட்டாலும் இந்த நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. அங்கே ஒரு தந்தை உயில் எழுத முற்பட்டதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று, சட்டம் மூத்தவனுக்கே கொடுக்கவிருந்ததில் ஒரு பகுதியை இளையவர்களுக்கு ஒதுக்குவது. ஜார்ஜ் வாஷிங்டனின் தந்தை அகஸ்டின் 1743-இல் இறந்தபோது, மூத்தாள் மகன் லாரன்ஸுக்கு பிற்காலத்தில் மவுண்ட் வெர்னன் என்று பெயர் பெற்ற பண்ணையையும், அடுத்தவனுக்கு வெஸ்ட்மோர்லண்ட் கவுண்டி நிலத்தையும், இளையாளுக்குப் பிறந்து அப்போது பதினொரு வயதாகியிருந்த ஜார்ஜுக்கு ராப்பஹானக் ஆற்றங்கரைப் பண்ணையையும் உயில் மூலம் விட்டுச் சென்றார். அவர் எல்லாரையும் பெயர் சொல்லி எழுதினார். ஆனால் இளையவர்களுக்கு மட்டும் சிறு நிலங்களை எழுதிவைத்து, உயிலில் சொல்லப்படாத நிலமெல்லாம் சட்டப்படி தானே மூத்தவனுக்குப் போய்ச் சேரும் என்று சும்மா இருந்துவிட்ட தந்தையர் பலர். அத்தகைய உயிலில் பெயரில்லாத மகனே மிகுந்த சொத்தை அடைந்தவனாக இருக்கலாம்; அவனைப் பிற்கால வம்சாவளிக்காரர் ‘சந்ததியின்றி மாண்டவன்’ என்று ஒதுக்கிவிடுவது எவ்வளவு பெரிய விபரீதம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

பெயரைச் சொல்லி ஒரு ஷில்லிங் மட்டும் விட்டுச் சென்ற உயில்கள் வேறொரு தவறான கருத்துக்கு இடம் கொடுத்திருக்கின்றன. மகனை விலக்க வேண்டுமானால் சட்டப்படி ஒரு ஷில்லிங்காவது கொடுத்தாக வேண்டும் என்று ஜனங்கள் நம்பினார்கள். அது ஆதாரமற்ற நம்பிக்கை என்று ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் தம் சட்ட வியாக்கியானத்திலேயே கண்டித்திருக்கிறார். அந்த ஷில்லிங்கைத் தந்தையின் கோபத்துக்கு அடையாளமாகக் கொள்வதும் பெரும்பாலும் பிழை. தனிக்குடித்தனம் போனபோதே நிலம் பெற்ற மகனுக்கும், சீதனம் பெற்றுப் புகுந்த வீடு சென்ற மகளுக்கும் கணக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்பதற்கு அது ஒரு ரசீது மாத்திரமே. பிலிப் கிரீவன் 1970-இல் மாஸசூஸெட்ஸின் ஆண்டோவர் என்ற ஊரைப் பற்றி எழுதிய நூலில், உயில்களைத் தனியே படிக்காமல் தானப் பத்திரங்களோடும் கிரயப் பத்திரங்களோடும் சேர்த்துப் படித்ததனால்தான், முதல் தலைமுறைத் தந்தையர் மக்களுக்கு மணம் முடித்து நிலத்தில் குடியேற்றிய பின்னும் அந்நிலத்தின் சட்ட உரிமையை மரணம் வரையில் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, வளர்ந்த மக்களைத் தம் அதிகாரத்துக்குள் நிறுத்திய விதத்தை அவரால் காட்ட முடிந்தது.

நிலத்தை விற்கவோ பிறருக்கு எழுதிவைக்கவோ இயலாதபடி ஒரே சந்ததி வழியில் இறங்குமாறு கட்டிவைக்கும் என்டெயில் ஏற்பாடு வர்ஜீனியாவில் எவ்வளவு பரவியிருந்தது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அதற்கு அதிகச் செல்வாக்கில்லை என்று ரே கெய்ம் முதலிய வரலாற்றாசிரியர்கள் கொண்டிருந்த கருத்தை, ஹாலி பிரூவர் 1997-இல் எழுதிய ஆய்வில் வன்மையாக மறுத்தார். கடலோரப் பழைய கவுண்டிகளின் நிலத்தில் பெரும்பகுதி புரட்சிக் காலத்தில் என்டெயில் கட்டுக்குள் இருந்ததென்பது அவர் கட்சி. அவர் தரும் அளவைக் குறைத்து மதிப்பவர்கள்கூட ஒன்றை மறுக்க இயலாது: தாத்தாவின் உயிலால் கட்டுண்ட நிலத்தைத் தந்தை தம் உயிலில் குறிப்பிட வேண்டிய தேவையே இல்லை. 1776-இல் ஜெபர்ஸன் கொண்டுவந்த மசோதா அக்கட்டை ஒழிக்கும் வரையில், அத்தகைய குடும்பங்களின் மகனுடைய உரிமைக்கு ஆதாரத்தைத் தந்தையின் உயிலில் அல்ல, இரண்டு தலைமுறைக்கு முந்திய உயிலில் தேட வேண்டும்.

இரண்டு சட்டங்களும் ஒரே குடும்பத்தில் மோதிய வழக்கு ஒன்றுண்டு. மாஸசூஸெட்ஸ் கவர்னராக இருந்த ஜான் வின்த்ராப்பின் பேரர் வெயிட் வின்த்ராப், 1717-இல் உயிலில்லாமல் இறந்தார். கனெக்டிகட் காலனியிலிருந்த அவருடைய நிலத்தில் அக்காலனியின் சட்டப்படி மகளுக்கும் பங்குண்டு என்று அவளும் அவள் கணவன் லெக்மியரும் வாதாட, ஆங்கிலச் சட்டப்படி முழுவதும் தனக்கே என்று மகன் ஜான் லண்டனுக்குச் சென்று அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கௌன்சிலில் முறையிட்டார். 1728-இல் மகனுக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி, கனெக்டிகட்டின் தாயச் சட்டமே செல்லாததென்று அறிவிக்கப்பட்டது. ஒரு காலனி முழுவதிலும் நடந்துமுடிந்த பாகப் பிரிவினைகளெல்லாம் சந்தேகத்துக்குள்ளாயின. பத்தாண்டு கழித்து, 1738-இல், மாஸசூஸெட்ஸ் சட்டம் அதே சபையில் செல்லுபடியாயிற்று என்பது சட்ட சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

3. வாஷிங்டனின் முன்னோர்: ஒரு பரீட்சை

மேற்கூறியவற்றைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு வாஷிங்டன் வம்சத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. அதில் பிழை எப்படி நேர்ந்தது, எப்படித் திருந்தியது என்ற இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன.

1791-இல் இங்கிலாந்தின் குலச்சின்ன அதிகாரிகளுள் தலைவரான ஐசக் ஹெர்ட், ஜனாதிபதி வாஷிங்டனுக்கு எழுதி அவருடைய முன்னோரைப் பற்றி விசாரித்தார். தாம் அந்த விஷயத்தில் அதிகக் கவனம் செலுத்தியதில்லை என்றும், 1657-ஐ ஒட்டி வடக்குக் கவுண்டி ஒன்றிலிருந்து தம் முன்னோர் வந்ததாகக் கேள்வி என்றும் வாஷிங்டன் பதில் எழுதினார். வர்ஜீனியாவில் குடியேறியவர்கள் ஜான், லாரன்ஸ் என்ற இரு சகோதரர்கள். நார்தாம்ப்டன்ஷயரிலுள்ள ஸல்கிரேவ் வாஷிங்டன்களிடையே ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர் இருவர் இருப்பதைக் கண்ட ஹெர்ட், அவர்களே இவர்கள் என்று முடிவு செய்துவிட்டார். பெயர் ஒத்தது, காலமும் ஏறக்குறைய ஒத்தது. வேறு சாட்சியம் இல்லை. அந்த வம்சாவளி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மறுப்பின்றி ஏற்கப்பட்டு வந்தது.

லண்டனில் வசித்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜோசப் செஸ்டர் 1866-இல் அதைத் தகர்த்தார். ஸல்கிரேவ் ஜான் ‘ஸர்’ பட்டம் பெற்றவர், அவர் தம்பி லாரன்ஸ் குருப்பட்டம் பெற்றவர். வர்ஜீனியாவில் குடியேறிய இருவருக்கோ அப்பட்டங்கள் எந்த ஆவணத்திலும் இல்லை, மனைவியர் பெயரும் ஒவ்வவில்லை. ஆயினும் உண்மையான தந்தை யார் என்பதை அவரால் நிலைநாட்ட முடியவில்லை. பழைய உயில்களை ஏடு ஏடாகப் புரட்டிக் கொண்டிருந்த ஸேலம் நகரத்து ஹென்றி வாட்டர்ஸ்தான் 1889-இல் அதைச் செய்தார்.

அவருக்குக் கிடைத்த திறவுகோல் வாஷிங்டன் என்ற பெயருடைய எவரும் எழுதியதன்று. ஹெர்ட்பர்ட்ஷயரில் டிரிங் என்ற ஊரில் வாழ்ந்த ஆண்ட்ரூ நோலிங் என்பவர் 1649-50 குளிர்காலத்தில் எழுதிய உயில் அது. தம் ஞானப்பிள்ளை லாரன்ஸ் வாஷிங்டனுக்குச் சொத்தில் பெரும்பகுதியை அதில் அவர் விட்டிருக்கிறார். லாரன்ஸின் தாய் ஆம்ஃபிலிஸையும், ஜான், வில்லியம், எலிஸபெத், மார்கரெட், மார்த்தா ஆகிய மற்ற மக்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். ஆம்ஃபிலிஸை அவர் குறிப்பிடும் உறவுச் சொல் இக்காலத்தில் மருமகளைக் குறிப்பது. அந்நாளிலோ மனைவிக்கு முன்கணவனால் பிறந்த மகளையும் அது குறித்தது. இதை அறியாமல் படித்தால் நோலிங்கின் மகன் ஒருவன் வாஷிங்டன் என்ற பெயருடன் திரிவதாகக் கற்பித்துக்கொள்ள நேரும். ‘இப்போதைய மனைவி’ என்ற சட்ட வாசகத்தைக் கண்டு முந்தைய மனைவி ஒருத்தியை உண்டாக்கிவிடுவதும், ‘இளையவர்’ என்ற அடைமொழியைக் கண்டு ஒரே ஊரில் வாழ்ந்த சித்தப்பனையும் அண்ணன் மகனையும் தகப்பனும் மகனுமாக்கிவிடுவதும் இதே இனத்தைச் சேர்ந்த பிழைகள்.

அடுத்த கண்ணி, உயிலே இல்லாத ஒரு மரணம். டிரிங்கில் இறந்த ஆம்ஃபிலிஸ் வாஷிங்டனின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் 1656 பிப்ரவரியில் அவள் மகன் ஜானுக்கு அளிக்கப்பட்டது. வருஷம் மார்ச் 25-ஆந் தேதி தொடங்கியதாகக் கணக்கிட்ட பழைய முறைப்படி ஏட்டில் அது 1655 என்றே இருக்கும். 1752 வரை வழங்கிய அந்த முறையை மறந்தவர்கள் மகனைத் தந்தைக்கு முன்பே இறக்கச் செய்திருக்கிறார்கள். ஜான் வர்ஜீனியாவை அடைந்தது இதற்கு அடுத்தாற்போலத்தான். ஆம்ஃபிலிஸின் கணவர், எஸெக்ஸில் பர்லி என்னும் ஊரின் குருவாயிருந்து, ராஜபக்ஷத்தைச் சேர்ந்தவரென்று 1643-இல் பதவி பறிக்கப்பட்ட லாரன்ஸ் வாஷிங்டன். ஹெர்ட் குடியேறியவராகக் கொண்ட அந்தக் குருதான், உண்மையில் குடியேறியவர்களின் தந்தை. ஸல்கிரேவ் தொடர்பு சரியே, ஒரு தலைமுறைதான் தவறியது.

கடலுக்கு மேற்கே வர்ஜீனியாவில் எழுதப்பட்ட உயில்களும் இதை உறுதி செய்கின்றன. 1675-இல் எழுதிய உயிலில் ஜான், தம்பி லாரன்ஸையும் தங்கை மார்த்தாவையும் குறிப்பிட்டு, இங்கிலாந்திலிருக்கும் தம் பணத்திலிருந்து பத்துப் பவுனும், 4,000 ராத்தல் புகையிலையும் மார்த்தாவுக்கு அளிக்கிறார். அந்த மார்த்தா ஹேவர்ட் என்பவரை மணந்து, 1697-இல் ஸ்டாபோர்ட் கவுண்டியில் தாமும் ஓர் உயில் எழுதினார். அதில் இங்கிலாந்திலிருக்கும் தம் சகோதரிகள் எலிஸபெத், மார்கரெட் இருவரையும் நினைவுகூர்ந்திருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு முன் டிரிங்கில் நோலிங் எழுதிய மூன்று பெண் பெயர்கள் இங்கே மறுபடி ஒன்று சேர்கின்றன. பிள்ளையில்லாத விதவைகளின் உயிலை வம்சாவளிக்காரர் ‘நேர் வாரிசு இல்லை’ என்று புரட்டிவிடுவது வழக்கம். மக்கள் இல்லாதவள்தான் உடன்பிறந்தாரையும் அவர்தம் மக்களையும் தேடித் தேடி எழுதுகிறாள் என்பதால், எனக்கு அத்தகைய உயிலே மற்றெதையும்விட மதிப்புடையதாகத் தோன்றுகிறது.

4. டச்சு முறையும் வாரிசு மயக்கமும்

1664-இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரையில் நியூயார்க் டச்சுச் சட்டத்தின்கீழ் இருந்தது. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்தே உயில் எழுதினார்கள். மனைவி பிறந்த வீட்டுப் பெயரை இழக்கவில்லை. விதவை மறுமணம் செய்துகொள்ளுமுன் முதற் கணவனின் மக்களுக்குரிய பாகத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். பெண் வழியைத் தேடுகிறவர்களுக்கு ஆங்கிலக் காலனிகளில் கிட்டாத வசதி இது.

அனெகே யான்ஸ் என்ற பெண்மணி 1663-இல் எழுதிய உயில் இதற்குத் தெளிவான சான்று. மன்ஹாட்டனில் தமக்கிருந்த 62 ஏக்கர் பண்ணையின் கிரயத்தில் முதற் கணவரின் மக்களுக்கு முதலில் 1,000 கில்டர் சேர வேண்டும், எஞ்சியது எல்லாருக்கும் சமபாகம் என்று அவர் எழுதியிருக்கிறார். இறந்துபோன மகளுக்குப் பதிலாகப் பேரக் குழந்தைகளையும் சேர்த்திருக்கிறார். 1671-இல் வாரிசுகள் அப்பண்ணையைக் கவர்னர் லவ்லேஸுக்கு விற்றார்கள். ஆனால் இறந்துபோன ஒரு மகனின் வாரிசுகள் கையொப்பமிடவில்லை. 1705-இல் ஆன் அரசியார் அந்த நிலத்தை டிரினிடி தேவாலயத்துக்கு மானியமாக அளித்தார். நகரம் வளர்ந்து நிலத்தின் மதிப்பு மலையாக உயர்ந்தபோது, விடுபட்ட அந்த ஒரு கையொப்பத்தைப் பற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வழக்குகள் எழுந்தன. தேவாலயத்தின் நீண்டகால அநுபோகமே போதுமானதென்று 1847-இல் நீதிமன்றம் விரிவாகத் தீர்த்த பின்னும் அவை ஓயவில்லை. தங்களை வாரிசென்று நம்பியவர்களிடம் சந்தா வசூலித்துச் சங்கங்கள் தோன்றின. நார்வேயில் பிறந்து மருத்துவச்சியின் மகளாக வளர்ந்த அனெகே, ஆரஞ்சு இளவரசரின் பேத்தியாகவும் ஆக்கப்பட்டார். சொத்து கிடைக்குமென்ற ஆசை வம்சாவளியைப் பெருக்கும் அளவுக்குப் பாண்டித்தியம் அதைப் பெருக்குவதில்லை. அந்த ஆசையையும் குலப்பெருமையையும் மூலதனமாகக் கொண்டே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்டாவ் ஆஞ்ஜூ என்பவர் இல்லாத உயில்களைத் தாமே புனைந்து செல்வக் குடும்பங்களுக்கு விற்றார்; அவருடைய வம்சாவளிகள் இன்றும் சில நூலகங்களில் இருக்கின்றன.

5. ஜாபிதாவில் நின்ற பெயர்கள்

இதுவரை பேசியதெல்லாம் சொத்தை அடைந்தவர்களைப் பற்றி. சொத்தாகவே எழுதப்பட்டவர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். தாய் அடிமையானால் குழந்தையும் அடிமையே என்று வர்ஜீனியா 1662-இல் சட்டம் செய்தது. 1705-இல் அடிமைகள் வாரிசுரிமையைப் பொறுத்தவரையில் ஸ்தாவர சொத்தாகக் கருதப்பட வேண்டுமென்று விதித்தது. மனிதர் நிலத்தைப்போல் இறங்கலாயினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமையாயிருந்த ஒரு பெண்ணின் சந்ததியார் இன்று அவளைத் தேடினால், பெரும்பாலும் எஜமானனின் உயிலிலோ ஜாபிதாவிலோ, குலப்பெயர் இன்றி, விலை எழுதிய ஒரு வரியில்தான் அவளைக் காண இயலும். ஆகவே எஜமானனின் வம்சாவளியை முதலில் நிர்ணயித்தாலன்றி அடிமையின் வம்சாவளி கிட்டாது.

இதற்கும் வாஷிங்டன் குடும்பமே உதாரணம். ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதற் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-இல் உயிலில்லாமல் இறந்தார். அவருடைய அடிமைகளில் மூன்றில் ஒரு பங்கு, ஆயுட்கால அநுபோகத்துக்கு மட்டுமான விதவைப் பங்காக மார்த்தாவுக்கு வந்தது. அவளை மணந்த வாஷிங்டன் அவர்களை வேலை வாங்கலாமே தவிர விற்கவோ விடுதலை செய்யவோ சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1799 ஜூலை 9-ஆந் தேதியிட்ட உயிலில், மார்த்தாவின் காலத்துக்குப் பின் தமக்குச் சொந்தமான 123 அடிமைகளும் விடுதலை பெற வேண்டுமென்று அவர் எழுதினார். கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்த 153 பேருக்கு அவரால் ஒன்றும் எழுத இயலவில்லை. இரு திறத்தாரும் பல்லாண்டுகளாக ஒருவரையொருவர் மணந்து வாழ்ந்தவர்கள். யார் யாருக்குக் கணவன், மனைவி எந்தப் பண்ணையில் இருக்கிறாள், மக்கள் யார் என்று அவ்வருஷம் வாஷிங்டன் ஒரு பட்டியல் தயாரித்தார். விடுதலை ஏற்பாட்டுக்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியலே மவுண்ட் வெர்னன் அடிமைக் குடும்பங்களின் ஆதார ஏடாக இன்று விளங்குகிறது.

1801 ஜனவரியில், தம் ஆயுள் முடியக் காத்திராமல், மார்த்தா அந்த 123 பேரையும் விடுவித்தார். 1802-இல் அவர் இறந்தபின் கஸ்டிஸ் அடிமைகள் நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் பாகமாகப் பிரிக்கப்பட்டனர். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உயில் எழுதாமல் இறந்ததன் பலனாக, தந்தை சுதந்திரமும் மக்கள் அடிமைத்தனமும் பெற்ற குடும்பங்கள் பல. உயில்களைச் சுருக்கி அச்சிட்ட பதிப்பாசிரியர்களுள் பலர் இடச் சுருக்கம் கருதி அடிமைகளின் பெயர்களை விட்டுவிட்டனர்; அத்தகைய சுருக்கத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட எந்தக் குடும்ப சரித்திரத்தையும், எஜமானக் குடும்பத்தின் சரித்திரமாகக்கூட நான் பூரணமானதென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.